சட்டையைக் கழற்ற வைத்த டேட்டா சிம்

யாரிடமாவது போய் ‘தெரியாது, சொல்லுங்கள்’ என்று கேட்பதென்றால் எனக்கு உயிர் போய்விடும். ஒருமுறை சேலம் பஸ் நிலையத்தில் ராசிபுரம் பஸ் எங்கே நிற்கும் என்று ஒருவரையும் கேட்காமல் மூன்று சுற்றுச் சுற்றி, கடைசியில் ஓமலூர் பஸ்ஸில் ஏறி, ஓமலூரில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன் (டீ நன்றாகத்தான் இருந்தது). வாய்விட்டுக் கேட்டால் என் உயரத்தில் இரண்டு அங்குலம் குறைந்துவிடும் என்று ஒரு பயம். இருப்பதே ஐந்தடி மூன்று அங்குலம்.

இப்படிப்பட்ட ஒருவன் கொல்லிமலைக்கு டேட்டா சிம் வாங்கிக்கொண்டு போன கதை இது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். அதில் ரீட்டாவும் நானும் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு மாதம்கூடத் தேறாது. அவள் நர்ஸ். கல்யாணமான மூன்றாவது வாரமே கொல்லிமலையில், ஆலத்தூர் நாட்டுப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் வேலை போட்டுவிட்டார்கள். என் வேலை கோயம்புத்தூரில். பள்ளிக்கூடங்களுக்கு வருகைப் பதிவு மென்பொருள் விற்கும் சின்னக் கம்பெனி. வாங்கிய பள்ளி ஆசிரியர்களுக்கு அதை எப்படி இயக்குவது என்று கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் சனிக்கிழமை மலை மேலே போய்ச் சேருவேன். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட கையோடு இறங்க வேண்டும். ரீட்டா டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பாள். அவள் அழுதால்கூடப் பரவாயில்லை, ஒன்றும் சொல்லாமல் நிற்பாள். அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மேனேஜர் வரதராஜன் சாரிடம் போனேன். “மலையிலிருந்தே வேலை பார்க்கிறேன் சார். பாடம் எடுக்க ஒரு லேப்டாப்பும் நெட்டும் போதும்” என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “மலையில நெட்டா? சரி, வர்ற திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒரு ஸ்கூலுக்கு வகுப்பு இருக்கு. அங்கிருந்து எடுங்க. நானும் உள்ள உட்கார்ந்து பார்க்கிறேன். கேமரா போட்டிருக்கணும். வகுப்பு முடியுற வரைக்கும் ஒரு தடவை கூட அறுபடக் கூடாது. அறுபடலேன்னா அங்கேயே இருந்துக்கலாம். அறுந்துச்சுன்னா இதைப் பத்தி இனிமே பேசக் கூடாது.”

ஆக, ஒரு மணி நேர வகுப்பு. அதில் ஜெயித்தால் பெண்டாட்டியோடு ஒரே வீட்டில் குடித்தனம். தோற்றால் டிபன் பாக்ஸ்.

உடனே ஆராய்ச்சியில் இறங்கினேன். என் போனில் இருந்த சிம்முக்கு மலை மேல் மூச்சே வராது. ரீட்டாவின் போனில் பேச்சு வரும், ஆனால் வீடியோ போட்டால் முகம் பாதிக் கொட்டாவியிலேயே நின்றுவிடும். எனவே பையில் போட்டுக்கொள்ளும் ஒரு வைஃபை டாங்கிள், அதற்குள் டேட்டாவுக்கு மட்டுமான ஒரு சிம் என்று முடிவு செய்தேன். அந்த சிம்மில் பேச முடியாது, கூப்பிட முடியாது, நெட் மட்டும்தான். எக்செல்லில் ஓர் அட்டவணை போட்டேன். பதினேழு கட்டங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு டேட்டா, தீர்ந்தால் வேகம் எவ்வளவு குறையும், மிச்சம் அடுத்த மாதத்துக்குச் சேருமா, எத்தனை நாள் செல்லும், எத்தனை கருவிகளை இணைக்கலாம் என்று ராக்கெட் விடுகிறவன் மாதிரி நான்கு நாள் உட்கார்ந்தேன். ‘ரீட்டா வீட்டில் சிக்னல் வருமா?’ என்று மட்டும் அதில் கட்டம் கிடையாது.

ரீட்டா போனில் சொன்னாள். “ஏங்க, இங்க எது எடுக்கும்னு பக்கத்து வீட்டுப் பொன்னுசாமி அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேனே.”

“மிளகுக் கொடி கட்டுறவர்கிட்டப் போயி நெட்டைப் பத்திக் கேக்கறதா? கம்பெனி மேப்புல பார்த்துட்டேன் ரீட்டா. மலை பூரா கலர் அடிச்சு வெச்சிருக்கான்.”

(பொன்னுசாமி அண்ணன் இதைப் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். படித்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். அது இன்னும் கஷ்டம்.)

சனிக்கிழமை காலை, மலைக்குக் கீழே உள்ள பேளுக்குறிச்சியில் இறங்கினேன். சந்தை நாள். மிளகும் சீரகமும் மல்லியும் குவிந்து கிடக்க, மூக்கெல்லாம் காரமாக இருந்தது. சந்தைக்கு எதிரே ஒரு செல்போன் கடை. உள்ளே ஓர் அக்கா இருந்தார். அட்டவணையில் முதல் இடம் பிடித்த கம்பெனியின் டேட்டா சிம்மைக் கேட்டேன்.

“எங்க வெச்சுப் பாக்கப் போறீங்க சார்?” என்றார்.

“எல்லாம் பார்த்துத்தாங்க வந்திருக்கேன்.”

“இல்லீங்க சார், மேலயா கீழயான்னு கேக்கறேன்.”

“வேகம் எவ்வளவு வருதுன்னு மட்டும் பார்த்துடுவோம்” என்றேன். ஒரு வாடிக்கையாளரை இவ்வளவு கேள்வி கேட்பார்களா என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்.

சிம் உயிர் பெற இரண்டு மணி நேரம் ஆனது. டாங்கிளில் போட்டு, சந்தை நடுவில் நின்று வேகத்தைச் சோதித்தேன். அடேயப்பா, என்ன வேகம். ஒரு முழு வீடியோவை மல்லி மூட்டை மேல் சாய்ந்தபடி தடங்கல் இல்லாமல் பார்த்து முடித்தேன். மல்லி விற்றவரும் என்னோடு சேர்ந்து பார்த்தார்.

கடைக்குத் திரும்பி, “வருஷத்துக்கே போடுங்க” என்றேன்.

“ஒரு மாசத்துக்குப் போட்டுப் பாருங்களே சார். சரியா வந்தா அப்புறம் வருஷத்துக்குப் போட்டுக்கலாமில்லீங்க.”

“வருஷத்துக்கே போடுங்க.”

அந்த அக்கா வருஷத்துக்கே போட்டுவிட்டார். நான் அதே சூட்டில் வரதராஜன் சாருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ‘சார், மலையில் என் பழைய நம்பர் எடுக்காது. இனி இந்த நம்பரில் கூப்பிடுங்கள்’ என்று புது சிம்மின் நம்பரைக் கொடுத்தேன். பேச முடியாத சிம் என்று நான்கு நாள் ஆராய்ந்து வாங்கிவிட்டு, அந்த நம்பரையே பேசக் கூப்பிடுவதற்குக் கொடுத்த ஆள் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பஸ் மலை ஏறியது. மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மடியில் டாங்கிளை வைத்துக்கொண்டு வந்தேன். பதினைந்தாவது வளைவில் சிக்னலில் ஒரு கோடு போனது. முப்பதாவதில் இன்னொன்று. நாற்பதுக்கு மேல் விளக்கு கண்ணடிக்க ஆரம்பித்தது. முன் சீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார், நானும் கையை நீட்டினேன். அவர் வாந்திக்கு, நான் சிக்னலுக்கு. மேலே போய்ச் சேர்ந்தபோது அவருக்குத் தெளிந்துவிட்டது. என் டாங்கிள் சிவப்பாகிவிட்டது.

வீட்டில் ஒரு கோடுகூட இல்லை. ஜன்னலில் வைத்தேன். அலமாரி மேல் வைத்தேன். ரீட்டா இட்லிச் சட்டியை எடுக்கப் போனபோது அதற்குள்ளும் டாங்கிள் இருந்தது. “வேகட்டும்னு வெச்சீங்களா?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மூங்கில் கம்பின் நுனியில் டாங்கிளைக் கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பொன்னுசாமி அண்ணன் கீழே மரவள்ளிக் காட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

“ஏனுங்க சார், மேல என்ன பண்றீங்க?”

“ஒண்ணுமில்லீங்க. ஓடு கீடு உடைஞ்சிருக்கான்னு பாக்கறேன்.”

அவர் மாடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். “அது தார்சு ஊடுங்களே சார். ஓடே இல்லீங்களே.”

அதற்கு மேல் ரீட்டாவுக்குப் பொறுக்கவில்லை. வாசலுக்கு வந்து விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். எந்தக் கம்பெனி சிம் என்று அவர் கேட்டார். அவள் சொன்னாள்.

“அதுங்களா நர்சம்மா. அது நம்மூர்ல கோயில் களத்துல மட்டும்தானுங்க எடுக்கும். அங்கிருந்து பாத்தா பேளுக்குறிச்சி நேராத் தெரியுமில்லீங்க, அந்த டவரு அடிக்குது. எம் மச்சான் துபாய்ல இருந்து கூப்புட்டா நாங்க போனைத் தூக்கிட்டு அங்கதான் ஓடுவோம். வாங்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்களே.”

ரீட்டா மாடியை அண்ணாந்து பார்த்தாள். நான் ஓட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“களம் ஊர் விளிம்புலதாங்க சார் இருக்குது. காலையில நானே கூட்டிட்டுப் போறேன். ஒண்ணுதானுங்க, களத்துக்குள்ள செருப்பும் ஆகாது, சட்டையும் ஆகாது. ஆம்பளைங்க இடுப்புல துண்டைக் கட்டிட்டுத்தான் நிக்கோணும். ஊர்க்கட்டுங்க அது.”

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, வேறு சிம் வாங்க வழியில்லை. மறுநாள் காலை கீழே போய், வாங்கி, அதற்கு உயிர் வந்து, திரும்பி வருவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். எனவே திங்கட்கிழமை ஒன்பதரைக்கு லேப்டாப், டாங்கிள் சகிதம் களத்துக்குப் போனேன். மார்கழி மாதம். பனி விலகவில்லை. களத்தின் ஓரத்தில் பூசாரி சடையன் அண்ணன் நின்றிருந்தார். கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தேன்.

“நான் கிறிஸ்தவனுங்க. எனக்கு ஏதாச்சும் விதிவிலக்கு உண்டுங்களா?”

“அதெல்லாம் சாமி கேக்காதுங்க சார். சட்டை இருக்குதா இல்லையான்னுதான் பாக்கும்” என்றார் சடையன் அண்ணன், மிகவும் மரியாதையாக.

கழற்றினேன். பனியனையும் கழற்றினேன். என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது சபையில் காட்டுவதற்காகப் படைக்கப்பட்டதல்ல. கை மட்டும் கறுப்பு, மற்றதெல்லாம் வெளுப்பு, நடுவில் எண்ணிப் பார்க்க வசதியாக விலா எலும்பு. பூசைக்கு வந்திருந்த ஏழெட்டுப் பேர் என்னைப் பார்த்துவிட்டு, நாகரிகம் கருதி மரத்தைப் பார்த்தார்கள். அவர்களும் சட்டை போடவில்லைதான். ஆனால் எல்லோர் தோளிலும் ஒரு கம்பளி போர்த்தியிருந்தது. அது ஊர்க்காரர்களுக்கு மட்டுமான உரிமை போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேட்கவில்லை.

ஆனால் டாங்கிள் பச்சையாக எரிந்தது. நான்கு கோடு. எனக்கு அங்கேயே முழங்கால் போடலாம் போலிருந்தது. ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் லேப்டாப்பை வைத்தேன். கேமராவில் கழுத்துக்கு மேல் மட்டும் தெரிகிற மாதிரி மூடியைச் சாய்த்தேன். அந்தப் பக்கம் பன்னிரண்டு ஆசிரியைகள், அவர்களுடைய தலைமையாசிரியை, ஒரு மூலையில் கண்ணாடி போட்ட வரதராஜன் சார்.

முதல் ஏழெட்டு நிமிடம் பாடம் ஜோராகப் போனது. அப்புறம் பள்ளத்திலிருந்து ஒரு காற்று கிளம்பி வந்தது. பனியை அள்ளிக்கொண்டு என் முதுகில் வந்து உட்கார்ந்தது. எனக்குத் தாடை ஆட ஆரம்பித்தது.

“இ-இ-இந்தப் பொத்தானை அ-அ-அழுத்தினா, வ-வராத பிள்ளைங்க பே-பேரு...”

“அந்தோணி” என்றார் வரதராஜன் சார். “குரல் விட்டு விட்டு வருது. நெட் போகுதா?”

“இ-இ-இல்ல சார். நெ-நெட் நல்லா...”

“இப்பக்கூட பாருங்க, கட் ஆகுது. படமும் ஆடுது.”

படம் ஆடவில்லை. ஆடியது நான். பல்லைக் கடித்துக்கொண்டு பேசிப் பார்த்தேன். அப்போது குரலே வெளியே வரவில்லை. சத்தம் சுத்தமாகப் போய்விட்டது என்று ஓர் ஆசிரியை சொன்னார்.

வரதராஜன் சார் பெருமூச்சு விட்டார். “டீச்சர்ஸ் மன்னிக்கணும். மலையில நெட் சரிப்படாதுன்னு அப்பவே நெனச்சேன். அந்தோணி, நீங்க நாளைக்குக் கிளம்பி வந்துடுங்க. மிச்சப் பாடத்தை ஆபீஸ்லேருந்து எடுத்துக்கலாம்.”

நான்கு கோடு பச்சையாக எரிந்துகொண்டிருக்கிறது. குளிரின் பழி நெட்டின் மேல் விழுகிறது. எனக்கு ரீட்டா வாசலில் நிற்கிற நிற்பு கண்ணில் வந்தது. போனால் போகட்டும் மானம் என்று எழுந்தேன். லேப்டாப் மூடியை நேராக நிமிர்த்தினேன். நான்கடி பின்னால் போய், கேமராவுக்கு முழுதாகத் தெரிகிற மாதிரி கைகளை விரித்து நின்றேன்.

“சார், நெ-நெட் போகல. நான்தான் ந-நடுங்கறேன். பாருங்க.”

அந்தக் கோலத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இடுப்பில் ஈரிழைத் துண்டு. மேலே ஒன்றும் இல்லை. உடம்பெல்லாம் மயிர்க்கூச்சம். எனக்குப் பின்னால் கம்பளி போர்த்திய எட்டுப் பேர் வரிசையாக நின்று கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுசாமி அண்ணன் மட்டும் கும்பிட்டார். ஆசிரியைகளின் கட்டங்கள் ஒவ்வொன்றாக இருண்டன (சிரிக்கக் கேமராவை அணைக்கிறார்கள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை). வரதராஜன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

முதலில் பேசியது தலைமையாசிரியைதான். “தம்பி, பாடம் எங்கயும் போயிடாது. மொதல்ல எதையாவது எடுத்துப் போத்திக்குங்க.”

“முடியாதுங்க டீ-டீச்சர். இங்க து-துணி கூடாதுங்க.”

லேப்டாப்பிலிருந்து வந்த குரலைச் சடையன் அண்ணனும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் திகைப்பாகிவிட்டது. “ஏனுங்க சார், அப்படி யாரு சொன்னது? தைச்ச துணிதானுங்க ஆகாது. கம்பளி தாராளமா போத்திக்கலாம். நாங்கெல்லாம் போத்திட்டுத்தானுங்களே நிக்கறோம். சாருக்குக் குளிராதாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டோமுங்க. நீங்க கேக்கவே இல்லீங்களே.”

சொல்லிவிட்டுத் தன் கம்பளியையே எடுத்து என்னைச் சுற்றினார். அடுப்புப் புகை வாசம் அடித்தது. அந்த மாதிரி ஒரு சுகத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. இரண்டு நிமிடத்தில் தாடை நின்றது. கம்பளிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு மிச்சப் பாடத்தை எடுத்தேன். நாற்பது நிமிடம். எங்கும் அறுபடவில்லை. ஆனால் முடிந்ததும் வரதராஜன் சார் ஒரு வார்த்தையும் சொல்லாமல் முதல் ஆளாக வெளியேறிவிட்டார்.

அவ்வளவுதான், தொலைந்தோம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தேன். ரீட்டா தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தாள். பையை எடுத்து வைத்தேன். பகல் முழுவதும் அவர் கூப்பிடுவார் என்று டாங்கிளைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்க அதில் மணியே கிடையாது என்பது மூளைக்கு எட்டவில்லை.

நாலு மணிக்கு ரீட்டா வந்தாள். பையைப் பார்த்தாள்.

“என்னங்க இது?”

“போகணும் ரீட்டா. சார் ஒண்ணும் சொல்லாமப் போயிட்டார்.”

“எப்படிச் சொல்லுவார்? நாலு தடவை கூப்பிட்டாராம். போகவே இல்லையாம். எந்த நம்பரைக் கொடுத்தீங்க?”

நான் டாங்கிளைக் காட்டினேன். அவள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படியே சுவரில் சாய்ந்து சிரித்தாள். “அப்புறம் ஆபீஸ்ல இருக்கற என் நம்பரைத் தேடிப் பிடிச்சு, முகாமுக்குக் கூப்பிட்டார். குழந்தைக்கு ஊசி போட்டுக்கிட்டே பேசினேன். ‘நெட்டைக் குறை சொல்ல முடியாதும்மா, ஒரு எடத்துலயும் அறுபடல. அந்தக் குளிர்லயும் நின்னு பாடம் எடுத்தவனை எப்படி வான்னு கூப்பிடறது, அங்கேயே இருக்கட்டும்’னார். ‘நாளையிலேர்ந்து கம்பளியோட உட்காரச் சொல்லுங்க’ன்னும் சொன்னார்.”

சிரித்துக்கொண்டே சொன்னவள் கடைசி வார்த்தையில் அழுதுவிட்டாள். எட்டு மாதமாக வாசலில் அடக்கி வைத்திருந்தது மொத்தமும் அன்றைக்கு வந்தது. நானும் அழுதேன். பையை அவளே பிரித்து, சட்டைகளை அலமாரியில் அடுக்கினாள்.

வருஷத்துக்குப் போட்ட பிளான் ஆயிற்றே, வீணாக்க முடியுமா. அந்த வருஷம் முழுவதும் என் ஆபீஸ் அந்தக் களம்தான். மழைக்குக் கோயில் கொட்டகையில் ஒதுங்கிக்கொள்ளச் சடையன் அண்ணன் இடம் கொடுத்தார். மத்தியான இடைவேளையில் பொன்னுசாமி அண்ணனின் மச்சான் துபாயிலிருந்து என் டாங்கிள் வழியாக முகம் காட்டுவார். நான் வகுப்பெடுப்பதைப் பார்த்துப் பார்த்து, பூசைக்கு வருகிறவர்களில் இரண்டு பேருக்கு அந்த மென்பொருள் என்னைவிட நன்றாக வரும்.

அடுத்த வருஷம் புது பிளான் எடுக்கும்முன் ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கேட்டேன். பொன்னுசாமி அண்ணனைக் கேட்டேன், பஸ் கண்டக்டரைக் கேட்டேன், பேளுக்குறிச்சிக் கடை அக்காவிடம் போய், “மேலதாங்க, நீங்களே சொல்லுங்க” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வேறொரு கம்பெனியின் டேட்டா சிம்மை ஒரு மாதத்துக்கு மட்டும் போட்டு, வீட்டில் வைத்துப் பார்த்து, மாடியில் ஒரு கம்பு நட்டு, சரியாக வந்த பிறகுதான் நீட்டித்தேன். இப்போது வீட்டுக்குள் உட்கார்ந்து, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கௌரவமாக வேலை பார்க்கிறேன்.

அந்தக் கௌரவம் போன மாதம்வரை இருந்தது. எங்கள் மகள் ஜெனிக்கு நான்கு வயது. நான் சட்டையில்லாமல் வேலை பார்த்ததை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனால் ரீட்டா அவளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்லும் கதை இது ஒன்றுதான். அங்கன்வாடியில் டீச்சர் பிள்ளைகளிடம், “உங்கப்பா என்ன வேலைக்குப் போறாரு கண்ணு?” என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். டிரைவர், மேஸ்திரி, மிளகு யாவாரம் என்று ஒவ்வொருவராகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் மகள் எழுந்து நின்று, “எங்கப்பா சட்டையைக் கழட்டிக் காட்டினாரு. உடனே வேலை குடுத்துட்டாங்க” என்று சொல்லியிருக்கிறாள்.